ஒற்றைச் சப்பாத்தோடு முடிந்த படம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைச் சரியாகப் பார்க்காமலே எழும்பிப் போனார்கள். இதை இப்போதும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் பெரியம்மா ஒருவர்தான். அந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவர் அவர் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டோம்.

அதற்கு முன்பும் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறேன். குடுவைகளைக் கழுவி அடுக்குவதிலிருந்து மாணவர்கள் உடைத்ததற்குப் பதில் சொல்வது வரை என் பொறுப்பு. வந்தவர்கள் எல்லோரும் அந்த வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள். அமிலம் கையில் பட்டால் தழும்பு வருமா, வேலை முடிந்து எப்போது வீட்டுக்கு வருவேன், கண்ணாடி எந்த வயதிலிருந்து போடுகிறேன் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே வருகிறவர்கள் என்னைப் பார்க்கும் அதே கண்ணால் கூரையையும் கிணற்றையும் பார்ப்பார்கள். ஒரு பெண்மணி கிணற்றுத் தண்ணீரை வாங்கி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாதுவா சவர், உப்புக் கரிக்குது" என்று சொல்லிப் போனார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. காரணம் தண்ணீரா நானா என்று இன்றுவரை தெரியாது.

அதனால் கல்குடாப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று பெரியம்மா சொன்னபோது எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை அரசாங்கத்தில் படவரைஞர். தகப்பனார் மீன் வியாபாரம் செய்து இப்போது ஓய்ந்திருக்கிறார். தாய்வழிக் குடி பார்த்தாகிவிட்டது, பொருத்தம் பார்த்தாகிவிட்டது, இனி ஆளை ஆள் பார்ப்பதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா காலையிலிருந்தே வருகிறவர்களுக்குப் பொரித்துக் கொடுக்க மீன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரேயொரு கட்டளைதான்.

"அவங்க வரக்குள்ள டீவிய நிப்பாட்டி இரிக்கோணும். விளங்கிற்றா?"

அப்பா பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாதாரணமாகக் கதைத்தாலே முன் வாசலில் நிற்கிறவரைப் பின்னால் போகச் சொல்வது போலிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டீவியைப் போட்டபோது ஒரு பழைய தமிழ்ப்படம் பாதி ஓடிவிட்டிருந்தது. அவருடைய வாலிபக் காலத்தில் வந்த சண்டைப்படம். பார்த்ததும் அவர் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

"சத்தத்தக் குறைச்சுத்தான் வச்சிரிக்கன்," என்றார் அம்மாவிடம். "படம் ஓடினா என்ன, வாற ஆக்களைக் கடிக்கவா போகுது?"

வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். வாசலில் வந்து நின்ற வானிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனார். வாசலில் ஒரு காற்செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றப் போனவர், உள்ளே திரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடே! இந்தப் படமா போகுது?"

"ஓம், ஓம்! வாங்க, இரிங்க. இப்பதான் நல்ல இடம் வருது," என்றார் அப்பா.

அவர் ஒரு செருப்போடேயே உள்ளே வந்து இருந்தார். பின்னால் வந்த அவருடைய மனைவியும் மாப்பிள்ளையும் பெரியம்மாவும் தாங்களாகவே இடம் பார்த்து இருக்கவேண்டியதாயிற்று. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்தேன்.

படத்தின் கதை இதுதான். ஹீரோ துறைமுகத்தில் சுங்க அதிகாரி. வில்லன் கடத்தல்காரன். வில்லன் ஒரு லொறி நிறையப் பெற்றோல் பீப்பாய்களை ஏற்றி, அதற்குள் வெடிகுண்டும் வைத்து, ஊர்ச் சந்தைக்கு நடுவில் நிறுத்திவிடுகிறான். அது வெடிப்பதற்குள் ஹீரோ என்ன செய்கிறான் என்பதுதான் மிச்சப் படம். இடையில் ஒரு குழந்தையைக் கடத்தி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். அடி விழுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது.

வில்லன் திரையில் வந்ததும் அப்பா கையை நீட்டினார். "இவன் இரிக்கானே, இவனப்போல ஒரு சண்டாளன் வேற எந்தப் படத்திலயும் வரல்ல."

"அண்ணன், அப்பிடிச் சொல்லாதீங்க," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "அவன் பாவம்."

"பாவமா? சின்னப் புள்ளையக் கொண்டுபோய்க் கட்டி வச்சிரிக்கான்!"

"வச்சிரிக்கான்தான். ஆனா அவன் ஏன் அப்பிடி ஆனான்? அத யோசிங்க."

"ஏன் ஆனா நமக்கென்ன? எல்லாரும் சும்மாவா கெட்டுப் போறாங்க?"

பெரியம்மா இருவருக்கும் நடுவில் சிரித்த முகத்தோடு இருந்தார். "மாப்பிள்ளைத் தம்பிக்கு வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவருடைய தாயார் முந்திக்கொண்டார்.

"எனக்கெண்டா அவரத்தான் புடிக்கும்."

"ஆரை?" என்றார் பெரியம்மா.

"வில்லனை. ஹீரோவ விட வடிவு. உடுப்பும் துப்பரவு."

பெரியம்மா அவசரமாகக் குசினிப் பக்கம் திரும்பி, "புள்ள தேத்தண்ணி கொண்டு வாறா," என்று பெரிதாக அறிவித்தார். அதுதான் நான் வரவேண்டிய நேரம்.

தட்டத்தோடு நான் போனபோது திரையில் ஹீரோ லொறிக்குள் ஏறிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். பிறகு அதே மாதிரி ஒரு ரோல்ஸை எடுத்தார். "தேங்ஸ் தம்பி," என்றார் என்னிடம்.

எனக்கு அந்தச் சேலையைக் கட்டிச் சரிசெய்யவே அம்மாவுக்குப் பாதி மத்தியானம் போயிருந்தது.

நான் தட்டத்தை வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்து இருந்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். பெண் பார்க்கும் நாளில் எங்கள் வீட்டு ரோல்ஸை நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நல்ல உறைப்பு. எனக்கு அந்த நேரம் அந்தப் பழைய படத்தின் மேல் பெரிய நன்றியே வந்துவிட்டது.

எனக்கு எதிரில் மாப்பிள்ளை இருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு டீவியைப் பார்த்தார். பல்வலிக்காரர் பல் வைத்தியரின் கதவைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

இறுதிக்கட்டம் வந்தது. ஹீரோ லொறியை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறான். ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள். லொறி இறங்குதுறையின் முனையில் ஒரு கணம் நின்று, பிறகு பாய்ந்து கடலுக்குள் போகிறது. வெடிச்சத்தம். தண்ணீர் வானத்துக்கு எழும்பி விழுகிறது. கதாநாயகி கரையில் விழுந்து அழுகிறாள். ஹீரோவின் காலிலிருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்து அலைகளில் மிதந்து வருகிறது.

மாப்பிள்ளையின் தகப்பனார் சேர்ட் பைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "முடிஞ்சு," என்றார். "எத்தின தரம் பாத்தாலும் மனசு கேக்குதில்ல. ஊரக் காப்பாத்திற்று அவன் செத்துப் போயிற்றான்."

"ஆர் செத்தது?" என்றார் அப்பா.

"ஹீரோ."

"அவன் சாகல்லயே. இரிங்க, இப்ப எழும்பி வருவான் பாருங்க."

"என்ன அண்ணன் பகிடி விடுறீங்க? வெடிச்சுத் துண்டு துண்டாப் போனவன் எங்க இருந்து வாற?"

"கடலுக்குள்ள இருந்து வருவான். மறுகா ஒரு பாட்டு இரிக்கு. நான் பாத்த படம் எனக்குத் தெரியாதா?"

"நானும் பாத்த படம்தானே! சப்பாத்தோட படம் முடிஞ்சு!"

இந்த இடத்தில்தான் அம்மா செய்யக்கூடாததைச் செய்தார். ரோல்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது, பெண் ஒரு மூலையில் இருந்து தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், கல்யாணப் பேச்சில் ஒரு சொல்லும் நகரவில்லை. அவர் குசினியிலிருந்து நேராக வந்து டீவியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அலையும் சப்பாத்தும் ஒரு புள்ளியாகி மறைந்தன.

"இனி வந்த விசயத்தக் கதைப்பமே," என்றார் அம்மா, மூச்சு வாங்கியபடி.

இரண்டு தகப்பன்மாரும் கறுத்த திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இப்ப வந்திரிப்பான்," என்றார் அப்பா மெல்ல. அவருடைய மெல்ல என்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"வந்திரிக்க மாட்டான் ஐயா," என்றார் மற்றவர். வந்தபோது அண்ணன் என்று கூப்பிட்டவர், இப்போது ஐயாவுக்கு மாறிவிட்டார்.

"நான் பொய் சொல்றன் எண்டு சொல்றீங்களா, சம்பந்தி?"

அப்பா கோபத்தில் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பொய்யெண்டு சொல்லல்ல. உங்களுக்கு வேற ஏதோ படத்தோட மாறிற்று எண்டு சொல்றன். வயசாகினா அப்பிடித்தான்."

அதோடு எழும்பினார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் கையைப் பிடித்து, "ரோல்ஸ் நல்லாயிரிக்கு மகள்," என்றார். மாப்பிள்ளை எல்லோரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பது போல் தலையை ஆட்டினார். அவருடைய தகப்பனார் ஒரு செருப்போடு வான் வரைக்கும் போய், மற்றதைத் தேடித் திரும்பி வரவேண்டியிருந்தது. அப்போதும் அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வான் போனதும் பெரியம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "என்னகா இது? புள்ளையப் பத்தி ஒரு கேள்வி கேக்கல்ல. கிணத்தக் கூடப் பாக்கல்ல!"

அந்தக் கிழமை வீட்டில் அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்தில்தான் எல்லாக் கதையும் இருந்தது. அப்பா பலமுறை பிளக்கைப் போட்டு அந்தச் சேனலைத் தேடினார். அதில் மரக்கறி வெட்டும் இயந்திரம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தை எனக்குப் பிடித்திருந்தது. வில்லன் வடிவு என்று முன்பின் தெரியாத வீட்டில் இருந்து சொல்லக்கூடிய ஒரு மாமி எனக்குக் கிடைக்காமல் போகிறாரே என்று இருந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம், வளாகத்தில் நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் நேரம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நான்... அண்டைக்கு வந்த ஆள்," என்றது ஓர் ஆண் குரல்.

"எந்த ஆள்?"

"வான்ல வந்த."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபக்கத்திலும் சிரிப்பது கேட்டது. பெரியம்மாவிடம்தான் இலக்கத்தை வாங்கியிருக்கிறார்.

"உங்கள ஒண்டு கேக்கலாமா? எங்கட அப்பா அண்டையில இருந்து ஒழுங்காச் சாப்பிடுறாரில்ல. விடியவே எழும்பி விறாந்தையில போய் இரிக்கார். அந்த ஹீரோ உயிரோட இரிக்கானா இல்லையா எண்டு உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியா. நான் அண்டைக்குத்தான் அந்தப் படத்தயே கண்ட."

"நான் சின்ன வயசில இருந்து கதையாக் கேட்டிரிக்கன். எங்கட வீட்டில பாடத்துக்குப் பதிலா அதைத்தான் சொல்லித் தந்த."

படம் முழுதாக யூடியூப்பில் இருக்குமே, தேடிப் பார்க்கிறேன் என்றேன். இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மங்கலான ஒரு பிரதியை ஏற்றியிருந்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த கருத்துகளை வாசிக்கத் தொடங்கி, சோற்றை மறந்துவிட்டேன்.

"இப்பவும் இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு லைக் போடுங்கள்" என்று ஒருவர். "கடலுக்குள் போவது பொம்மை லொறி, படத்தை நிறுத்தி டயரைப் பாருங்கள்" என்று ஒருவர். வில்லனின் பெயர் தனக்கும் இருந்ததால் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதாக ஒருவர். "கதாநாயகி ஒரு காட்சியில் லொறி ஓட்டுகிறாளே, அவளுக்கு யார் பழக்கியது?" என்று ஒரு பெண் கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் அதற்கு ஒரு லைக் போட்டேன்.

இன்னும் கீழே போனபோது வெளிநாட்டிலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். தங்கள் ஊரில் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார்களாம். சப்பாத்து மிதக்கும் இடத்தோடு அது முடிந்ததாம். அதற்குப் பிறகு கசெற்றில் யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு வந்ததாம். "அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை இன்றுதான் அறிந்தேன். சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை" என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே வேறு இரண்டு மூன்று பேர், தாங்களும் அதே கசெற்றைத்தான் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். "அந்தச் சாமத்திய வீட்டில் நீல நிறக் கேக்" என்று ஒருவர் ஞாபகப்படுத்தியிருந்தார். "அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும்" என்று இன்னொருவர்.

ஆக இருவருமே பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் பார்த்தது வெட்டுப்பட்ட கசெற். நான் அந்தக் கருத்துகளை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். பின்னேரம் மறுபடி அழைத்தார்.

"அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். முழுக்கக் கேட்டார். 'நீலக் கேக்தான், ஓம்' எண்டார். இப்ப உங்கட அப்பாவக் கூட்டிக் கொண்டு வரச் சொல்றார். தனியப் பாக்க மாட்டாராம். அவருக்கு முன்னால பாத்தாத்தான் முறையாம்."

வீட்டில் நான் சேர்ந்து படம் பார்க்கும் இந்த முறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எங்களைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் பெரியம்மா மூலம் செய்தி வந்தது. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். அப்பாவோடு கதைக்கவும் தொடங்கினார். பெரியம்மாவுக்கு அன்று காய்ச்சல், அதனால் அவர் வரவில்லை. இதையும் அவர் இன்றுவரை குறையாகச் சொல்வார்.

கல்குடாவில் அவர்கள் வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. நாங்கள் போய் இறங்கியபோது மாப்பிள்ளையின் தகப்பனார் படலை வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். பழைய கதையை இருவரும் எடுக்கவில்லை. உள்ளே டீவிக்கு முன்னால் இரண்டு சாய்மனைக் கதிரைகள் தயாராகப் போட்டிருந்தன. மாப்பிள்ளை தன் போனிலிருந்து வயரைக் கொண்டுபோய் டீவியில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"வாங்க, நாம குசினிக்குப் போவம்," என்று மாப்பிள்ளையின் தாயார் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். "இவங்க முடிக்கிறதுக்குள்ள மீன் வெட்டிக் கறியும் வச்சிரலாம்."

படம் முதலிலிருந்து தொடங்கியது. நான் குசினிக் கதவடியில் நின்றேன். எனக்கு அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரிந்தது. திரையில் இரண்டு வாலிபர்கள் ஒரே தோணியில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். புயல் வந்தது. ஒருவன் தண்ணீருக்குள் விழுந்தான். மற்றவன் குதித்து அவனைத் தூக்கிக் கரை சேர்த்தான். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"தம்பி, இவன் ஆரு?"

"இதுதான் அண்ணன் வில்லன். வாலிபத்தில."

"அவனா ஹீரோவக் காப்பாத்தினது?"

"ஓம். இவங்க ரெண்டு பேரும் உயிர்ச் சினேகிதர். அதுக்குப் பிறகு இவன்ட தோணியப் பறிச்சு, செய்யாத குத்தத்துக்கு இவன மறியல்ல போடுவாங்க. ஹீரோ பாத்துக்கொண்டு நிப்பான், வாய் திறக்க மாட்டான்."

வில்லன் மறியலிலிருந்து வந்து எரிந்த தன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் காட்சியில், அப்பா எழும்பி யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்துவிட்டு வந்தார்.

"இத நான் காணல்ல, தம்பி," என்றார்.

"எத?"

"இந்தப் பாதிய. எங்கட பஸ் தரிக்கிற இடத்துக்கு முன்னாலதான் தியேட்டர். ஒரு பஸ் ஓட்டத்துக்கும் மற்ற ஓட்டத்துக்கும் நடுவில பூந்து பாப்பன். வாசல்ல நிக்கிறவர் பழக்கம், விட்டுருவார். நான் போற நேரம் எப்பவும் இடைவேளை முடிஞ்சிரிக்கும். கடைசியத்தான் திருப்பித் திருப்பிப் பாத்த."

மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மறுகா என்னத்துக்கு அண்டைக்கு அவ்வளவு கதை கதைச்சீங்க?"

அப்பா திரும்பி டீவியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தகப்பனார்தான் காப்பாற்றினார். "நானும் கதைச்சன்தானே, கடைசியப் பாக்காம. சரி, சரி. இரிங்க அண்ணன்."

அப்போது மாப்பிள்ளையின் தாயார் மகனைக் கூப்பிட்டு, சோடா வாங்கிவரச் சொன்னார். "இந்தப் புள்ளையையும் கூட்டிற்றுப் போ. நிண்டு நிண்டு கால் உளையப் போகுது."

கடை கிட்டத்தான் இருந்தது. நாங்கள் மெதுவாக நடந்தோம். ஒழுங்கை முழுக்க மணல். என் செருப்புக்குள் மணல் போனது. நான் நின்று உதறும்போது அவரும் நின்றார்.

"உங்களுக்கு எந்த முடிவு விருப்பம்?" என்று நான் கேட்டேன். ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகத்தான்.

அவர் பின்னால் திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லட்டா? எனக்கு அந்தப் படத்தக் கண்ணிலயும் காட்டப்படாது. சின்னனில நான் கணக்கில குறைஞ்சாலும் அந்தக் கதைதான், விழுந்து முழங்கால் உரிஞ்சாலும் அந்தக் கதைதான். 'லொறியோட கடலுக்குள்ள போனானே, அவன் அழுதானா?' எண்டு கேப்பார்."

"எங்கட வீட்டில கதை இல்ல," என்றேன். "ஆனா அப்பா எந்தப் படத்திலயும் பாதியில வந்து இருந்துகொண்டு, 'இவன் ஆரு, அவன் ஆரு' எண்டு கேட்டு உசிர எடுப்பார். நான்தான் சொல்லணும்."

"அப்ப இனி நான் சொல்லணுமா?"

கேட்டுவிட்டு அவர் தானே பயந்துபோனார். காது சிவந்துவிட்டது. நான் மற்றச் செருப்பையும் கழற்றி உதறினேன், அதற்குள் மணல் இல்லாவிட்டாலும். "சொல்லத்தான் வேணும்," என்றேன். பிறகு சோடா வாங்கினோம். எந்தச் சோடா என்று இருவரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. கடைக்காரர் தந்ததை வாங்கி வந்தோம்.

நாங்கள் திரும்பியபோது படம் கடைசிக்கு வந்துவிட்டிருந்தது. லொறி பாய்ந்தது, வெடித்தது. சப்பாத்து மிதந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கதிரையின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் தண்ணீருக்குள்ளிருந்து ஹீரோ எழும்பினான். சேர்ட் கிழிந்திருந்தது. தலைமயிர் கலையவில்லை. கதாநாயகி ஓடிவந்தாள். எங்கிருந்தோ நாற்பது பேர் ஒரே உடுப்பில் வந்து கடற்கரையில் ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் பகிடிக்காரர் ஒருவர் மீன் கூடைக்குள் வழுக்கி விழுந்தார், எல்லோரும் இடுப்பில் கையை வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு படம் உறைந்து, வணக்கம் என்று எழுத்து வந்தது.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"இவ்வளவுதான்," என்றார் அப்பா. வென்றவரின் குரல் அதில் இல்லை. தானே அந்தப் படத்தை எடுத்தவர் போல வெட்கப்பட்டார்.

"எத்தின செத்த வீட்டில நான் இந்தக் கதையச் சொல்லியிரிக்கன், அண்ணன். அந்த யுத்த நாளையில எத்தின பேர் புள்ளைகளப் பறி குடுத்திற்று இருந்தாங்க. எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? இப்பிடி ஒருத்தன் இருந்தான், ஊருக்காகப் போனான், அவன நினைச்சுப் பாருங்க எண்டு சொல்லியிரிக்கன். இவன் என்னடா எண்டா வந்து ஆடுறான்."

அப்பா அவர் பக்கம் திரும்பி இருந்தார். பிறகு, அவரிடமிருந்து நான் அதிகம் கேட்டிராத, உண்மையிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க சொன்னது சொன்னதாவே இரிக்கட்டும், தம்பி. அது நல்ல கதை. மகன், அந்தச் சப்பாத்து வாற இடம் வரைக்கும் திருப்பிப் போடுங்க. அதில நிப்பாட்டுவம்."

மாப்பிள்ளை போனை எடுத்து விரலால் பின்னுக்குத் தள்ளினார். ஆட்டக்காரர்கள் பின்பக்கமாக ஓடி மறைந்தார்கள். ஹீரோ தண்ணீருக்குள் திரும்பிப் போனான். அலை, சப்பாத்து. அங்கே நிறுத்தினார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"அந்த வில்லனைப் பத்தி நான் சொன்னதையும் மறந்திருங்க," என்றார் அப்பா. "அவன் பாவம்தான்."

"நான் அண்டைக்கே சொன்னன்," என்று குசினியிலிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "சரி, ரெண்டு பேரும் எழும்பிக் கை கழுவுங்க, சாப்பாடு ஆயித்தம். தை மாசத்தில நாள் பாக்கிறதெண்டு நாங்க கதைச்சு முடிச்சிற்றம்."

"எதுக்கு நாள்?" என்றார் அப்பா.

அம்மா சுவரில் டீவியின் பிளக் எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பார்த்தார். அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

தையில் கல்யாணம் நடந்தது. அவர் தன் வரைபலகையையும் ஒரு சூட்கேசையும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாட்டுப் பொதியோடு பஸ் ஏறி வருவார். அவரும் அப்பாவும் சேர்ந்து பழைய படங்களாகத் தேடித் தேடி முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார்கள், பாதியில் யாரும் எழும்பக்கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். முழுதாகப் பார்த்தால் சண்டை வராது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். போன மாதம் ஒரு படத்தில் தங்கையைக் கொன்றது கணக்குப்பிள்ளையா டாக்டரா என்று தொடங்கி, மாமா தேத்தண்ணியும் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். படத்தை நாங்களும்தான் பார்த்தோம். கொன்றது யார் என்று எனக்கும் என் கணவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் முன்னொருதரம் உண்மையைத் தேடிக் கொடுத்தது போதும், இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.